அளக்க விடாத மூன்று கிணறுகள்

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு நான் வந்திருந்தபோது உங்களில் ஒருவர் தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையில் நிலத்தடி நீர்மட்டம் ஒரு நீலப் போர்வை போல விரிந்து கிடந்தது. அவர் அதைச் சுழற்றினார், சாய்த்தார், அடியிலிருந்தும் காட்டினார். பார்க்க நன்றாகவே இருந்தது. "எந்தப் புள்ளியை எடுத்துப் போட்டீங்க?" என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கி, "ரெண்டு போர் ஒத்து வரல மேடம், ரிமூவ் பண்ணிட்டேன்" என்றார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நானும் ஒரு முறை அப்படிப் பிடுங்கிப் போட்டவள்தான்.

எண்பதுகளின் பிற்பகுதி. நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் எங்கள் நிலத்தடி நீர்த்துறைக் கிளை அலுவலகம். கீழே மருந்துக்கடை, மேலே நாங்கள். நிலவியல் படித்தவள் நான் ஒருத்தி, பெண்ணும் நான் ஒருத்தி. குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் வந்து போவேன்.

தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில் அப்போது வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்தன. அதில், ஓர் ஏரிக்குக் கிழக்கே, ஒரு புதுக் குடியிருப்பு. நான்கு தெரு, ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம். வீடு கட்டிக் குடிவந்தவர்கள் பெரும்பாலும் ரயில்வேயிலும் பல்லாவரம் பக்கத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்தவர்கள். சொந்தமாகத் தோண்டிய போர்களில் பாதி வறண்டுவிட்டது. தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு நாள் வரும், சில வாரம் ஒரு நாள்தான் வரும். அவர்களுக்கு ஒரு பொது ஆழ்துளைக் கிணறும் ஒரு மேல்நிலைத் தொட்டியும் என்று முடிவாகியிருந்தது. எங்கே துளையிடுவது என்று சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

நீங்கள் வைத்திருப்பது போன்ற கருவி எதுவும் அன்று கிடையாது. இருந்தது முப்பத்தெட்டு போர்களின் அளவுப் பதிவேடு மட்டும். காகிதத்தில் சமமட்டக் கோடுகள் போட்டுப் பார்த்தேன், மனதில் உருவம் நிற்கவில்லை. அதனால் நான்கடிக்கு மூன்றடி ஒட்டுப்பலகை ஒன்றை எடுத்து, அதன் மேல் வரைபடத்தை ஒட்டி, ஒவ்வொரு போர் இருக்கும் இடத்திலும் ஒரு சைக்கிள் கம்பியை நட்டேன். பலகைதான் கடல்மட்டம். கம்பியின் உச்சி தரைமட்டம். நடுவில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு சிவப்பு மணி. கம்பி வாங்கப் போனபோது மார்க்கெட் அருகே சைக்கிள் கடைக்காரர், "இத்தினி கம்பி எதுக்கும்மா, ஸ்கூல்ல எதுனா செய்யச் சொல்லிக்கிறாங்களா?" என்று கேட்டார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். விளக்கியிருந்தால் ரயில் போயிருக்கும்.

மணிகளின் மேல் ஒரு துண்டுக் கொசுவலையை விரித்தேன். கம்பிகள் வலைக்கண் வழியே மேலே வந்துவிடும், வலை மணிகளின் மேல் தங்கும். அவ்வளவுதான், நீர்மட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்தப் பக்கம் சரிகிறது என்று குனிந்து பார்த்தாலே புரியும். எங்கள் அலுவலகத்துக்கு வந்த எல்லோரும் அதை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கர்வம் ஏறியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த முப்பத்தெட்டு போர்களையும் மாதம் ஒரு முறை அளந்து வருகிறவர் தேவசகாயம். அப்போது நாற்பது வயதிருக்கும். பத்து வருடமாக வேலை பார்த்தும் நிரந்தரமாகாத ஊழியர். நுனியில் ஈயக் குண்டு கட்டிய டேப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். குண்டு தண்ணீரைத் தொடும் சத்தத்தைக் காதால் கேட்டு அளவு சொல்லுகிறவர். முந்தைய அளவாளர் ஓய்வு பெற்றதால் அந்த வருடம்தான் இந்தப் பகுதி அவருக்கு வந்தது. என் பலகையை முதலில் பழைய பதிவேட்டின் அளவுகளை வைத்துத்தான் நட்டிருந்தேன். அவர் கொண்டுவரும் புது அளவுகளுக்கு ஏற்ப மணிகளை ஏற்றி இறக்கிக்கொள்வது என்று ஏற்பாடு.

முதல் மாதம் அவர் கொண்டுவந்த அளவுகளில் ஒன்று இடித்தது. குடியிருப்பின் மேற்கு ஓரத்தில் ஒரு புது வீட்டின் போர். அங்கே தண்ணீர் பன்னிரண்டு அடியில் நிற்கிறது என்று எழுதியிருந்தார். அதற்குச் சற்றுக் கிழக்கே, பழைய கிராமத்தின் ஊர்த்தெருவில் இருந்த ஒன்பது கிணறுகளிலோ பதிவேட்டின்படி முப்பதடிக்கு மேல். அவை எல்லாம் பழைய கிணற்றுக்குள்ளேயே போர் இறக்கியவை. புது மணியை வைத்து வலையை விரித்தால் அந்த இடத்தில் மட்டும் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நின்றது.

"தப்பா அளந்துட்டீங்க தேவசகாயம்."

"இல்ல மேடம். மூணு தபா எறக்கினேன். மூணு தபாவும் அதேதான் வந்துச்சு."

"பக்கத்துல எல்லாம் முப்பது அடி. இங்க மட்டும் எப்படிப் பன்னிரண்டு இருக்கும்? மேல சிமென்ட் தொட்டித் தண்ணி எதாவது கசிஞ்சிருக்கும். இல்ல டேப் எங்கயாவது தட்டி நின்னிருக்கும்."

நான் குறடு எடுத்து அந்தக் கம்பியைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். வலை அமைதியாகப் படிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, மீதிக் கிணறுகளின் அளவை மறுநாள் தருகிறேன் என்று சொல்லிப் போனார்.

மறுநாள் வந்த அளவுகள் அற்புதமாக ஒத்துப்போயின. அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் அப்படியே. ஊர்த்தெருவின் ஒன்பது கிணறுகளிலும் கோடையிலேகூடத் தண்ணீர் முப்பதடிக்குச் சற்றுக் கீழே நின்றது. மற்ற இடமெல்லாம் இறங்கும்போது அங்கே மட்டும் இறங்கவில்லை. இதைவிட நம்பகமான இடம் கிடைக்குமா? ஊர்த்தெருவின் முனையில் சாலையோரப் புறம்போக்கு நிலத்தைத் தேர்ந்தெடுத்து அறிக்கை எழுதினேன். மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். துளையிடும் வண்டி திங்கட்கிழமை வருகிறது, ஐந்து நாள் நிற்கும், பிறகு வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்று தகவல் வந்தது.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை புள்ளியைக் குறித்துவிட்டு வரலாம் என்று நானே போனேன். சுண்ணாம்பால் வட்டம் போட்டு முடித்த பிறகும் பேருந்துக்கு நேரம் இருந்தது. ஊர்த்தெருவுக்குள் நடந்தேன். என் பதிவேட்டில் நான்காவதாக இருந்த கிணற்றைப் பார்க்கும் ஆசை. அடையாளம் எல்லாம் சரியாக இருந்தது, கிணறு மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு புது அறையும் அதன் முன்னால் சிமென்ட் தளமும் இருந்தன. தளத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன்.

"இங்க ஒரு கெணறு இருந்துச்சே?"

"உங்க காலுக்கு அடியிலதான்மா கீது" என்றார் அவர். "மூடி ரெண்டு வருசம் ஆவுது. தண்ணி கீழ போய்க்கினே இருந்துச்சு, மண்ணப் போட்டு மூடிட்டாங்க."

என் கைப்பையில் இருந்த தாளில் அந்தக் கிணற்றுக்குப் போன மாத அளவு இருந்தது. முப்பத்தொரு அடி நாலு அங்குலம்.

முதலில் வந்தது பயம்தான். பேருந்தில் உட்கார்ந்து வரும்போது பயம் கோபமாக மாறிவிட்டது. நான்கு மாதம் என்னை ஏமாற்றியிருக்கிறார். அலுவலகத்துக்கு வந்ததும் அவர் மேல் ஒரு மெமோ எழுதினேன். பொய்யான அளவுகள் கொடுத்தார், விளக்கம் கேட்க வேண்டும், வேலையிலிருந்து நிறுத்தி வைக்க வேண்டும். தட்டச்சுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று மறுநாள் காலை அவரை என் அறைக்குக் கூப்பிட்டேன்.

"நாலாம் நம்பர் கிணத்தை எப்ப அளந்தீங்க?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"அளக்கல மேடம்."

"மத்த எட்டு?"

"ஒண்ணுகூட அளக்கல."

"அப்ப எழுதினதெல்லாம்?"

"பழைய ரிஜிஸ்டர்ல இருந்த நம்பர்தான். ரெண்டு அங்குலம் கூட்டி, மூணு அங்குலம் கொறச்சி எழுதினேன்."

"ஏன்?"

நான் மெமோவை அவர் பார்க்கும்படி மேசையில் நகர்த்தி வைத்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"உள்ள வுட மாட்டேன்றாங்க மேடம். எனக்கு முன்னாடி இருந்தவரு அவங்க ஆளு, போவாரு வருவாரு. நான் போனா, எந்தத் தெருன்னு கேக்குறாங்க. சொன்னேன். குடிக்கிற கெணறு, நீ டேப்ப வுடாதன்னுட்டாங்க."

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா இன்னா மேடம் பண்ணியிருப்பீங்க? வேற ஆளப் போட்டிருப்பீங்க. நான் எங்க போவேன்?" பிறகு மெதுவாகச் சொன்னார். "சொல்லலாம்னுதான் அன்னிக்கு வந்தேன். அதுக்கு முன்னாடி அந்தப் பன்னண்டு அடிய நீங்க புடுங்கிப் போட்டீங்க. அது நெசம் மேடம். நெசத்த எழுதினா தப்புன்றீங்க. சரி, இவங்களுக்கு ஒத்துப்போற நம்பர்தான் வேணும் போலன்னு அன்னிக்கு சாயந்தரம் உக்காந்து எழுதினேன். நான் பண்ணது தப்புதான்."

அவர் உள்ளே விடப்படமாட்டார் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்திருக்க வேண்டும். நான் வளர்ந்த வீட்டுக் கிணற்றிலும் யார் வாளி விடலாம், யார் விடக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்லாத விதி ஒன்று இருந்தது. அதைத் தெரிந்த எனக்கு, முப்பத்தெட்டு வீட்டுக்குள் ஒருவரை அனுப்பும்போது அவர் எப்படி உள்ளே போவார் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை. இதைவிடக் கொடுமை, அவருடைய உண்மையான அளவை நான் தள்ளியது ஊர்த்தெருவின் பழைய எண்களை நம்பித்தான். மூடி இரண்டு வருடமான கிணற்றுக்கும் எண் இருந்தது என்றால், முந்தையவரும் அளக்காமல் பழையதையே எழுதி வந்திருக்கிறார். யாரும் அளக்காத எண்களை வைத்துக்கொண்டு, மூன்று முறை அளந்த எண்ணைப் பொய் என்றேன்.

மெமோவைத் தட்டச்சுக்கு அனுப்பவில்லை. "டேப் எடுத்துக்குங்க, போலாம்" என்றேன்.

முதலில் போனது ஊர்த்தெருவிலேயே பெரிய வீடு. அந்த வீட்டுக்காரர் நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டுச் சிமென்ட், கம்பிக் கடை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "வாங்கம்மா, உக்காருங்க, காபி சாப்பிடுங்க" என்று உபசரித்தார். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"தாராளமா அளந்துக்குங்க. அவரு வெளியவே நிக்கட்டும்."

தேவசகாயம் டேப்பைத் தோளிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினார். "நீங்களே வுட்டுருங்க மேடம். வேல முடியட்டும்" என்றார். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உங்களுக்கு நேரடியாகச் சொல்கிறேன், டேப்பை வாங்கக் கை நீண்டது. திங்கட்கிழமை வண்டி வருகிறது. எட்டுக் கிணறு, ஒரு காலைப் பொழுது, நானே அளந்தால் எட்டு உண்மையான எண் கையில். அந்தக் குடியிருப்பில் குடத்தோடு நிற்கிறவர்களுக்கு, யார் அளந்தார்கள் என்பதா முக்கியம்? இப்படி என் மனமே எனக்குப் பரிந்து பேசியது. அடுத்த மாதம் யார் வருவார்கள் என்ற கேள்வி கூடவே வந்தது. அவர்தான் வருவார். இதே வாசலில் நிற்பார். மறுபடி பதிவேட்டைப் பார்த்து எழுதுவார், இந்த முறை என் சம்மதத்தோடு. இதெல்லாம் நான் பிறகு கோர்த்துச் சொல்கிற நியாயம். அந்த நேரத்தில், நீட்டிய டேப்பை வாங்கினால் அவர் முகத்தை அதற்கப்புறம் பார்க்க முடியாது என்பது மட்டும்தான் தோன்றியது.

"அளக்கறது அவர் வேலைங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். "நான் எழுதிக்கத்தான் வந்திருக்கேன்."

"நம்ம வீட்டுல அதெல்லாம் பழக்கம் இல்லம்மா."

"அப்ப உங்க கெணத்தை அளக்க முடியலைன்னு எழுதிக்கறேன். காரணமும் எழுதணும்."

"எழுதிக்குங்க" என்றார். காபி டம்ளரை உள்ளே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

தெருவுக்கு வந்தோம். தேவசகாயம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "பேஜார் மேடம் இது. இப்பிடிப் போனா ஒண்ணும் தேறாது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இரண்டாவது வீட்டில் ஒரு வயதான அம்மாள். மகன் வேலைக்குப் போயிருந்தான். "டேப்பு சுத்தமா கீதா?" என்று மட்டும் கேட்டார். தேவசகாயம் வாசல் குழாயில் டேப்பின் நுனியையும் குண்டையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காட்டினார். "அப்ப வுடு" என்றார் அந்த அம்மாள். குண்டு இறங்கியது. முப்பதடி தாண்டியது, நாற்பது தாண்டியது, அறுபதும் தாண்டியது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "எழுவத்தி ரெண்டு அடி, ஒரு அங்குலம்" என்றார். நான் எழுதிக்கொண்டேன். நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லியிருந்த இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

அதன் பிறகு ஒவ்வொரு வாசலிலும் அவர் முதலில் டேப்பைக் கழுவினார், பிறகு கேட்டார். அழுக்கு என்பது சாக்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சாக்கை எடுத்துவிட்டதும் சிலருக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வீட்டில் நான் நிற்பதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். ஒரு வீட்டில், "போர் வறண்டு போச்சு, நீங்களாவது பாத்துச் சொல்லுங்க" என்று அவர்களே கூப்பிட்டார்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் எட்டில் ஐந்து கிடைத்தது. மூன்று வாசல் திறக்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்து ஐந்து மணிகளையும் கீழே இறக்கினேன். மூடிய கிணற்றின் கம்பியை எடுத்தேன், திறக்காத மூன்றின் கம்பிகளில் மணியைக் கழற்றினேன். பிறகு இழுப்பறையைத் திறந்து அந்தப் பன்னிரண்டு அடிக் கம்பியை எடுத்து, அதைத் தேவசகாயத்திடம் கொடுத்து, பழைய ஓட்டையில் நடச் சொன்னேன். வலையை விரித்தோம். மேற்கே உயரமாக நின்ற வலை, ஊர்த்தெருவுக்குச் சற்று முன்னால் மாடிப்படி போலச் சடாரென்று இறங்கியது.

"நடுவுல சுவரு மாரி எதோ கீது மேடம்" என்றார் அவர்.

நானும் அதையேதான் நினைத்தேன். நம் பக்கத்துப் பாறைக்குள் சில இடங்களில் வேறொரு கரும்பாறை, செங்குத்துச் சுவர் போல ஊடுருவி நிற்கும். ஏரிப் பக்கத்திலிருந்து வருகிற தண்ணீரை அது மண்ணுக்குள்ளேயே அணை போலத் தடுத்துவிடும். மேற்கே தேங்கும், கிழக்கே வறளும். வலையில் தெரிந்த படியைக் கோடாக வரைபடத்தில் நீட்டினேன். அது தெற்கே ஒரு பழைய கல்குவாரியைத் தொட்டது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்ப் பார்த்தோம். குவாரியின் வடக்குச் சுவரில், சுற்றியிருந்த சாம்பல் நிறக் கல்லுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு அகலமாக ஒரு கறுப்புப் பட்டை மேலிருந்து கீழே நேராக இறங்கியிருந்தது. சுத்தியலால் தட்டினேன். கணீரென்றது.

திங்கள் காலை மேலதிகாரியிடம் போய், நான் சொன்ன இடம் தவறு என்றேன். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் அன்று அவருக்குக் கோபம் வந்தது நியாயம்.

"வண்டி வந்து நிக்கற அன்னிக்கு வந்து சொல்றீங்களே. நாலு மாசம் என்ன பண்ணீங்க?"

"நாலு மாசமா தப்பான அளவை வச்சிருந்தேன் சார். அளவு தப்பானதுக்கும் நான்தான் காரணம்."

முழுவதையும் சொன்னேன். தேவசகாயம் எழுதியதையும், அதற்கு முன்னால் நான் பிடுங்கியதையும். அவர் பலகையைச் சுற்றி வந்தார்.

"இந்த மூணு கம்பில ஏன் மணி இல்ல?"

"அளக்க விடல சார்."

"ஏன் விடல?"

சொன்னேன். அறையில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேலதிகாரி அந்த மூன்று கம்பிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "இது இல்லாமலே இடம் சொல்ல முடியுமா உங்களால?" என்று கேட்டார். "முடியும். உறுதியாச் சொல்ல முடியாது" என்றேன். "எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அளந்தவர் பேரையும் போடுங்க" என்றார். எங்கள் அறிக்கைகளில் அதுவரை அளந்தவர் பெயர் வந்ததே இல்லை.

புது இடம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் விட்டிருந்த பொது மனை. கரும்பாறைக்கு மேற்கே, ஏரிப் பக்கம். பிற்பகலில் துளையிட ஆரம்பித்தார்கள். ஐம்பதடி வரை ஈர மண். அந்த மேல்தண்ணீர் நான்கு தெருவுக்குக் காணாது என்று அதைக் குழாய் இறக்கி அடைத்துவிட்டுக் கீழே போனார்கள். அதற்குக் கீழே பாறை, வெறும் புழுதி. எழுபது, தொண்ணூறு, நூற்றிப்பத்து. வெள்ளைப் புழுதி எங்கள் தலையெல்லாம் படிந்தது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சுசீலா டீச்சர், பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து என் பக்கத்தில் நின்றார்.

"தண்ணி வந்துடும்ல மேடம்?"

"தெரியல டீச்சர். இருக்கணும்."

"இப்படிச் சொன்னா எப்படி? உங்களுக்குத்தானே தெரியணும்?"

"அளந்த வரைக்கும் தெரியும்" என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. போய்ப் பிள்ளைகள் நடுவே நின்றுகொண்டார்.

நூற்றி முப்பதில் புழுதி நின்றது. தேவசகாயம்தான் முதலில் கவனித்தார். குழாய் வாயிலிருந்து வந்த பொடியைக் கையில் அள்ளிப் பிசைந்து, உருண்டை பிடித்துக் காட்டினார். ஈரம். நூற்றி நாற்பத்தைந்தில் சாம்பல் நிறச் சேறு பீறிட்டது. அதற்குப் பின்னால் தண்ணீர். வண்டிக்காரர்கள் பின்வாங்க, பிள்ளைகள் முன்னால் ஓட, டீச்சர் எல்லோரையும் அதட்டிக்கொண்டே தானும் நனைந்தார். பெருவெள்ளம் ஒன்றும் இல்லை. நான்கு தெருவுக்குத் தாராளமாகப் போதும். நான் முதலில் சுண்ணாம்பு வட்டம் போட்ட இடத்துக்கு அருகில், அடுத்த வருடம் ஒருவர் சொந்தமாக இருநூற்றைம்பது அடி துளையிட்டார். புழுதிதான் வந்தது.

தேவசகாயத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கொடுக்கச் சொல்லி நானே கேட்டேன், கொடுத்தார்கள். அவர் நிரந்தரமாக இன்னும் மூன்று வருடம் பிடித்தது. அந்த மாதமே பதிவேட்டில் ஒரு புதுப் பத்தியைச் சேர்த்தேன். அளக்க முடியவில்லை, காரணம். எங்கள் பகுதிக்கு மட்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். மற்ற அளவாளர்கள் அதைப் பார்த்துவிட்டு தங்களுக்கும் அந்தத் தாளைக் கேட்டார்கள். இரண்டாம் மாதம் வந்த தாள்களைப் படித்தபோது எனக்கு மயக்கமே வந்தது. பூட்டியிருக்கிறது. நாய். மோட்டாரை எடுக்கவில்லை. உள்ளே விடவில்லை. உள்ளே விடவில்லை. இத்தனை நாள் இதெல்லாம் எண்களாக வந்துகொண்டிருந்தது. மேலதிகாரி தலையில் கை வைத்தார். ஆனால் ஒவ்வொரு காரணமாக எடுத்துத் தீர்த்தோம். பூட்டுக்கு வேறு நேரம், நாய்க்கு முன்கூட்டித் தகவல். வாசலில் நிறுத்தும் வீடுகளுக்கு முதல் முறை ஓர் அதிகாரி கூடப் போக வேண்டும், டேப்பை வாங்கக் கூடாது. திறக்காத மூன்று கிணறுகளில் இரண்டு, அடுத்தடுத்த வருடங்களில் திறந்தன. பெரிய வீடு திறக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கிளைக்கும் ஒரு கணினி வந்தது. பதிவேடுகளை எல்லாம் அதில் ஏற்ற வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு இளம் பொறியாளரை அனுப்பினார்கள். கெட்டிக்காரர். நாங்கள் நான்கு மாதம் கம்பி நட்டுச் செய்ததை அவர் நாற்பது நிமிடத்தில் திரையில் எழுப்பிக் காட்டினார். தேவசகாயமும் நானும் அவருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஊர்த்தெருவில், அந்தப் பெரிய வீட்டுக் கிணற்றுக்கு வந்ததும் அவர் நிறுத்தினார்.

"மேடம், இந்த வெல்லுக்கு வருஷக்கணக்கா ரீடிங் இல்ல. காலியா விட்டா ப்ரோக்ராம் கேக்குது. சராசரி போட்டுக்கட்டுமா? இல்ல ஜீரோ?"

நான் வாய் திறப்பதற்குள் தேவசகாயம் முன்னால் வந்தார். அந்த அறையில் அவர் பொதுவாகப் பேசமாட்டார்.

"ரெண்டும் வேணாம் சார்" என்றார். "ஜீரோன்னா அளந்து ஜீரோ வந்துச்சுன்னு ஆவும். நாங்க அளக்கல. அளக்கலன்னே போடுங்க."

பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் தேவசகாயத்தைப் பார்க்கச் சொன்னேன். பொறியாளர் கையேட்டைப் புரட்டி, அளவு இல்லை என்று குறிக்க ஒரு வழி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார். தேவசகாயம் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.